ஆங்கில இலக்கியத்துக்குள் எந்த வாசல் வழியே நுழைவது?

ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் படிக்கக்கூடியவர்கள். வேலை, குடும்பம் என்று வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஆங்கில இலக்கியத்தைத் துண்டு துண்டாக இல்லாமல் அதன் வரலாற்றோடு சேர்த்து அறிய வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு நீளமுள்ள ஓர் இலக்கியத்தில் முதல் அடியை எங்கே வைப்பது? இடம் தவறினால் மூன்றாம் வாரத்திலேயே புத்தகம் மூடப்பட்டுவிடும். அப்படி மூடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் மூடியவன்தான்.

வழிகள் ஐந்து இருக்கின்றன. பழைய ஆங்கிலக் காவியமான பெயோவுல்ஃபில் தொடங்கிக் கால வரிசையில் நடந்து வரலாம். ஷேக்ஸ்பியரில் தொடங்கலாம். வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், ஷெல்லி ஆகியோரின் கவிதையில் தொடங்கலாம். டிக்கன்ஸ் காலத்து நாவலில் தொடங்கலாம். அல்லது நமக்கு மிக அருகில் உள்ள இருபதாம் நூற்றாண்டில் தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம். ஒவ்வொன்றையும் பரிந்துரைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் காரணங்களும் நல்ல காரணங்களே. ஆனால் ஐந்தும் எல்லாருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

முதலில் ஒரு பிரிவினரை விலக்கிவிடுகிறேன். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கோ நெட் தேர்வுக்கோ தயாராகிறவர்கள் கால வரிசையை விட்டு விலகக் கூடாது. அந்தத் தேர்வுகளில் எது முன், எது பின் என்பதே பாதிக் கேள்வி. நல்ல இலக்கிய வரலாற்று நூல் ஒன்றை எடுத்து, 1066, 1476, 1660, 1798, 1922 என்று மைல்கற்களை மனத்தில் ஊன்றிக்கொண்டு போவதே அவர்களுக்குச் சரி. இனி எழுதுவது, தேர்வு எதுவும் இல்லாமல் படிப்பின் சுவைக்காகவே வருகிறவர்களுக்கு.

கால வரிசை வழிதான் பார்வைக்கு மிக நேர்மையான வழி. ஆற்றை அதன் ஊற்றிலிருந்து பின்தொடர்வது போன்றது. நான் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கினார்கள். முதல் பருவத்திலேயே பெயோவுல்ஃபின் கதைச்சுருக்கம் எழுதிப்போடப்பட்டது. 3182 அடிகள், ஒரே ஒரு கையெழுத்துப் படி, கிரெண்டல் என்ற அரக்கன், அவனுடைய தாய், கடைசியில் ஒரு தீ கக்கும் பாம்பு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தோம். அந்தக் காவியத்தின் ஓர் அடியைக்கூட எங்கள் வகுப்பில் யாரும் வாய்விட்டுப் படித்து நான் கேட்கவில்லை. இலக்கியம் என்று நினைத்து நாங்கள் படித்தது ஒரு பட்டியல்.

இங்கே தமிழ் வாசகரை ஏமாற்றக்கூடிய ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற அடி இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் நம் காதில் தமிழாகவே ஒலிக்கிறது. ஒன்றிரண்டு சொல்லுக்குப் பொருள் கேட்டால் போதும். எனவே ஆங்கிலத்திலும் பழையது என்றால் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவுதான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. பெயோவுல்ஃபின் மொழி இன்றைய ஆங்கிலேயருக்கே அயல்மொழி. அவர்களும் அதை இலக்கணப் புத்தகம் வைத்து, வேற்றுமை உருபு படித்து, அகராதி புரட்டித்தான் கற்கிறார்கள். 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் வந்தது 1362இல். இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளில் ஆங்கிலம் உழவனின் வாயிலும் சமையலறையிலும் வாழ்ந்து, உருபுகளை உதிர்த்து, பிரெஞ்சுச் சொற்களை வாரி எடுத்துக்கொண்டு, வேறு மொழியாகவே வெளியே வந்தது. தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் பழைய ஆங்கிலப் பெயர், அதன் இறைச்சி தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் என்று இன்றும் இருப்பது இந்த வரலாற்றின் வடு.

ஆகவே வரிசையாகப் போகும் வழியின் விலை மிக அதிகம். ஆனால் அதற்குள் நமக்கென்று ஒரு புதையல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது அநியாயம். பழைய ஆங்கிலக் கவிதையில் அடியின் ஈற்றில் ஒலி ஒத்துவரும் இயைபு கிடையாது. ஒவ்வோர் அடியும் நடுவில் ஒரு நிறுத்தத்தோடு இரண்டு பாதியாகப் பிரியும். இரண்டு பாதியையும் கட்டிப்போடுவது சொல்லின் முதல் ஒலி. முன்பாதியில் அழுத்தம் பெறும் சொற்களில் ஒன்றோ இரண்டோ, பின்பாதியின் முதல் அழுத்தச் சொல்லோடு ஒரே ஒலியில் தொடங்க வேண்டும். நாம் இதை மோனை என்போம். அங்கே எந்த உயிரொலியும் எந்த உயிரொலியோடும் மோனையாக நிற்கும். நம் யாப்பில் அகரத்துக்கு ஆகாரமும் ஐகாரமும் ஔகாரமும் இனம் என்று வகுத்திருப்பதைப் படித்த மாணவருக்கு இது புதிய செய்தியே அல்ல. கடலைத் 'திமிங்கிலப் பாதை' என்றும் உடம்பை 'எலும்பு வீடு' என்றும் சொல்லும் அந்தக் கவிஞர்களின் பழக்கமும், உடம்பைக் 'குடம்பை' என்று சொன்ன குறளைப் படித்தவருக்கு விளங்கிவிடும். ஆங்கிலக் கவிதையின் மிகப் பழைய அடுக்கைக் கேட்பதற்கு நம் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. பெயோவுல்ஃபுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே படியும் 1731இல் லண்டனில் ஒரு மாளிகை தீப்பற்றியபோது ஓரம் கருகி மீட்கப்பட்டது. சுவடி செல்லரித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் செய்தி நெஞ்சில் தைக்கும்.

புதையல் இருக்கிறது என்பதற்காக முதல் நாளே அங்கே தோண்டப் போக வேண்டியதில்லை. நாம் தமிழை எப்படிப் படித்தோம் என்று எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியத்தில் தொடங்கி யாரும் தமிழ் இலக்கியத்துக்குள் வருவதில்லை. பாரதியின் பாட்டு, ஒரு தொடர்கதை, சில சிறுகதைகள், பிறகு கம்பனில் சில படலங்கள், அதன் பிறகுதான் குறுந்தொகை. பின்னோக்கித்தான் நடந்தோம். ஆங்கிலத்துக்கு மட்டும் வேறு நியதி எதற்கு?

அப்படியானால் நேரே இன்றைக்கு மிக அருகில் உள்ள இடத்தில் தொடங்கிவிடலாமே என்று தோன்றும். இருபதாம் நூற்றாண்டு வாசல் அது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலத்தால் அருகில் இருப்பது வாசிப்பில் அருகில் இருப்பதாகாது. 1922இல் வெளிவந்த இரண்டு நூல்களைப் பாருங்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் யுலிஸஸ் பிப்ரவரியில் பாரிஸில் அச்சாகி வந்தது. டி. எஸ். எலியட்டின் பாழ்நிலம் அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் வந்தது. இரண்டும் ஆங்கில நவீனத்துவத்தின் தூண்கள். இரண்டும், தமக்கு முன்னால் எழுதப்பட்ட அத்தனையையும் வாசகர் படித்திருப்பார் என்று நம்பி எழுதப்பட்டவை. நானூற்றுச் சொச்சம் அடிகள் கொண்ட பாழ்நிலத்துக்கு ஆசிரியரே குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். ஹார்வர்டில் வடமொழி படித்த எலியட் அந்தக் கவிதையை உபநிடதத்தின் சாந்தி மந்திரத்தில் முடிக்கிறார். நமக்கு அந்தக் கடைசி அடி மட்டும் சட்டென்று தெரியும், அதற்கு முந்தைய நானூறும் இருட்டாக இருக்கும். பாதி முடிந்த கச்சேரிக்குள் நுழைந்து, தனி ஆவர்த்தனத்தில் உட்கார்ந்தவரின் நிலை அது. கைதட்டல் எதற்கு என்று தெரியாது.

இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் கண்ணாடி போன்ற உரைநடை எழுதியவர். 1945இல் வந்த விலங்குப் பண்ணையை இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். இதுவரை முழு ஆங்கில நூல் ஒன்றைக்கூடப் படித்திராதவர், எந்த வழியைத் தேர்ந்தாலும், அந்தச் சிறு நூலைப் படித்துக் கால்களைப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் அது வாசற்படிதான். ஆங்கில இலக்கிய வரலாற்றின் எந்தப் பகுதியையும் அது திறந்து காட்டாது.

ஷேக்ஸ்பியர் வாசலைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. அவர் ஒருவரைப் படித்தால் ஆங்கிலம் முழுவதையும் படித்தது போல என்ற பேச்சு நம் ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக வந்தது 1894இல். அதற்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாக இருந்தார்கள். கம்பனையும் ஷேக்ஸ்பியரையும் ஒரே மூச்சில் பேசிய தலைமுறைகள் இங்கே உருவாகின. அந்தப் பக்தியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்தியோடு புத்தகத்தைத் திறந்தவர்களில் பாதிப் பேர் முதல் அங்கத்தைத் தாண்டவில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

தடை எங்கே இருக்கிறது? கடினச் சொற்களில் இல்லை. அவற்றுக்கு அடிக்குறிப்பு இருக்கும். நமக்குத் தெரியும் என்று நாம் நினைக்கும் எளிய சொற்களில்தான் கால் இடறுகிறது. இன்று 'நல்ல' என்ற பொருளில் வழங்கும் 'நைஸ்' என்ற சொல்லுக்கு அன்று 'நுணுக்கம் பார்க்கிற', 'அற்பமான' என்பன போன்ற பொருள்கள் இருந்தன. அடிக்குறிப்பைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வராமல் தவறாகப் படித்துக்கொண்டு போய்விடுவோம். இன்னொரு தடை, அவை படிப்பதற்கு எழுதப்படவில்லை என்பது. 1599இல் எழுந்த குளோப் போன்ற அரங்குகளில், கூரையற்ற முற்றத்தில் நின்றபடி பார்த்தவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆசிரியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1623இல் நண்பர்கள் இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். அவற்றில் 18 நாடகங்கள் அதுவரை அச்சேறாதவை. மெக்பெத் அவற்றில் ஒன்று. அந்தத் தொகுப்பு வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

தடைகளுக்கு எதிராக நம்மிடம் இருக்கும் பலங்களையும் பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியர் கையாண்ட யாப்பு, ஏறக்குறைய பத்து அசைகள் கொண்ட, இயைபு இல்லாத அடி. பேச்சின் ஓட்டத்துக்கு மிக நெருங்கியது. நம் ஆசிரியப்பா செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயம் என்ற நாடகத்தை எழுதியபோது பெரும்பாலும் ஆசிரியப்பாவையே எடுத்துக்கொண்டார். ஆங்கில நாடக யாப்பின் மூச்சு எப்படிப்பட்டது என்று கேட்பவருக்கு மனோன்மணீயத்தில் ஒரு காட்சியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன்.

இன்னொரு பலம் இதைவிடப் பெரியது. அன்றைய ஆங்கிலத்தில் முன்னிலைக்கு 'தௌ', 'யூ' என்று இரண்டு சொற்கள் இருந்தன. நம் 'நீ', 'நீங்கள்' போலவே. இன்றைய ஆங்கிலேயர் அந்த வேறுபாட்டை இழந்துவிட்டார்கள், நாம் இழக்கவில்லை. ஹாம்லெட்டின் மூன்றாம் அங்கத்தில் அரசி மகனைத் தன் அறைக்கு அழைத்துக் கண்டிக்கிறாள். நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று ஒருமையில் சொல்கிறாள். அவள் குறிப்பிடுவது தன் புதிய கணவனை. அம்மா, நீங்கள்தான் என் தந்தையை மிகவும் புண்படுத்தினீர்கள் என்று மகன் திருப்பிச் சொல்கிறான். அவன் குறிப்பிடுவது இறந்துபோன தந்தையை. அடுத்த அடியிலேயே தாய் ஒருமையை விட்டுவிட்டு மகனை 'யூ' என்கிறாள். பெற்ற மகனை ஒரு தாய் திடீரென்று 'நீங்கள்' என்று அழைத்தால் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று நம்மில் எந்தக் குழந்தையும் சொல்லும். ஆங்கிலேய மாணவர் அடிக்குறிப்பு பார்த்துத் தெரிந்துகொள்வது, நமக்கு உடம்பிலேயே உறைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, முதல் வாசலாக ஷேக்ஸ்பியரை நான் சொல்லமாட்டேன். கூத்திலோ நாடகத்திலோ ஊறியவர் மட்டும் விதிவிலக்கு. அவர் மெக்பெத்தில் தொடங்கலாம். ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் அதுதான் மிகச் சிறியது, கதையும் கத்தி போல நேராகப் போகும். மற்றவர்கள் அவருக்காக ஆறு மாதம் காத்திருக்கலாம். நாற்பது ஆண்டுகளாக அவரைப் படித்துக்கொண்டிருப்பவர்களும் இன்னும் முடிக்கவில்லை, அவசரம் ஒன்றுமில்லை.

அவரைத் தொடர்ந்து வரும் நூற்றாண்டில் இரண்டு பேரைச் சொல்லி நகர்கிறேன். முற்றிலும் பார்வை இழந்த பிறகு மில்டன் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய இழந்த சொர்க்கம் 1667இல் வந்தது. ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதை 1678இல் வந்தது. பனியனின் நூலைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார். இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு தமிழ் வாசகருக்கு மட்டும் உண்டு. மில்டனை முதலில் எடுக்க வேண்டாம். வாக்கியம் ஒன்று பதினாறு அடி ஓடும், லத்தீன் இலக்கியத்தின் நிழல் வழியெங்கும் விழுந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் போப்பும் எழுத்தாளர் ஜான்சனும் என் மனத்துக்கு அவ்வளவு நெருங்கியவர்கள் அல்லர். போப்பின் ஈரடிச் செய்யுளின் கூர்மையை மெச்சுவேன், அதோடு சரி. அந்த நூற்றாண்டில் உண்மையில் பெரிய நிகழ்வு நாவலின் பிறப்பு. 1719இல் ராபின்சன் குரூசோ, 1726இல் கலிவரின் பயணங்கள், 1740இல் பமீலா, 1749இல் டாம் ஜோன்ஸ்.

வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ், ஷெல்லி ஆகியோரின் கற்பனாவாதக் கவிதை வாசலில் தமிழர்கள் நிறையப் பேர் நுழைந்திருக்கிறார்கள். பாரதி தமக்கு 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டார் என்பது எல்லாரும் அறிந்தது. இந்த வாசலின் கவர்ச்சி எளிது. கவிதைகள் சிறியவை, மொழி பெரும்பாலும் இன்றைய ஆங்கிலம். 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார்கள். 1800இல் வந்த அதன் இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் எழுதிய முன்னுரையில், கவிதைக்கென்று தனி அலங்கார மொழி தேவையில்லை, மனிதர்கள் உண்மையில் பேசும் மொழி போதும் என்றார். எளிய பதங்கள், எளிய நடை என்று பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதி கேட்டதைப் படித்தவருக்கு அந்தக் குரல் பழகிய குரலாகவே இருக்கும்.

ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் பள்ளிகளில் டாஃபடில் பூக்களைப் பற்றிய வேர்ட்ஸ்வொர்த்தின் பாட்டை மனப்பாடம் செய்யாதவர் குறைவு, அந்தப் பூவைக் கண்ணால் பார்த்தவரும் குறைவு. இந்தக் கவிதையின் உயிர் நிலத்தில் இருக்கிறது. ஐந்திணையில் வளர்ந்த நமக்கு நிலமும் உள்ளமும் பின்னிப் பிணைந்தவை என்ற கருத்து புதிதல்ல. குறிஞ்சி என்றால் கூடல் என்று நம் நெஞ்சுக்குத் தெரியும். இங்கிலாந்தின் குளிர்காலம் எவ்வளவு நீளம், அதன் முடிவில் வரும் முதல் மஞ்சள் பூ எவ்வளவு பெரிய செய்தி என்பது நம் நெஞ்சுக்குத் தெரியாது. கீட்ஸ் 1819 செப்டம்பரில் இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதிய கவிதையில் கனிந்த பழத்தின் கனமும் அறுவடை முடிந்த வயலின் அமைதியும் இருக்கின்றன. அடுத்து வரப்போவது கொடிய குளிர் என்ற அறிவு அந்த அமைதிக்கு அடியில் ஓடுகிறது. ஒன்றரை ஆண்டுக்குள், 1821 பிப்ரவரியில், 25 வயதில் அவர் ரோமில் காசநோயால் இறந்தார். அந்தக் குளிரைப் பல நாவல்களில் நடுங்கி அனுபவித்த பிறகு இந்தக் கவிதைக்கு வந்தால், முதல் வாசிப்பிலேயே அது வேறு கவிதையாக இருக்கும்.

அதனால்தான் என் தேர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாவல். இன்னும் சரியாகச் சொன்னால், சார்லஸ் டிக்கன்ஸின் பெரும் எதிர்பார்ப்புகள்.

காரணத்தைச் சொல்கிறேன். அந்த நாவல் 1860 டிசம்பர் முதல் நாளிலிருந்து 1861 ஆகஸ்ட் 3 வரை, டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 36 தவணைகளாக வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை. அதைப் படிப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்கியில் பொன்னியின் செல்வனின் அடுத்த இதழுக்குக் காத்திருந்த வீடுகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். அத்தியாயக் கடைசியில் கதவு தட்டப்படும், யார் என்று சொல்லாமல் தவணை முடியும். அந்தப் பழக்கம் முழுவதும் நம் இரத்தத்தில் இருக்கிறது. கதையும் நேரடியாக நம்மைத் தொடும். கென்ட் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையில், பெற்றோரின் கல்லறையருகே நிற்கும் ஓர் அனாதைச் சிறுவன். தப்பி வந்த கைதி ஒருவன் அவனைத் தூக்கித் தலைகீழாகப் பிடிக்கிறான். முதல் சில பக்கங்களிலேயே குளிரும் பயமும் பசியும் வந்துவிடுகின்றன. பிறகு அந்தச் சிறுவனுக்கு எங்கிருந்தோ பணம் வருகிறது, கனவானாகிறான், வளர்த்த கொல்லனைப் பார்க்கக் கூசுகிறான். படித்து முன்னேறிய பிறகு ஊரிலிருந்து வந்த உறவினரை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தத் தயங்கிய கணம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஜோ என்ற அந்தக் கொல்லன் லண்டனுக்கு வந்து, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும் அத்தியாயத்தை இன்றும் என்னால் கண்கலங்காமல் படிக்க முடிவதில்லை.

இந்த வாசலின் இன்னொரு நன்மை, நடுவில் இருப்பது. இங்கிருந்து இரு திசையிலும் வழி போகிறது. அந்த நாவலிலேயே ஓர் உள்ளூர்க்காரர் லண்டனில் ஹாம்லெட்டாக நடிக்க வந்து கேலிக்குள்ளாகும் அத்தியாயம் உண்டு. அதைப் படித்துவிட்டு, அவர் எதைக் கெடுத்தார் என்று பார்க்க ஹாம்லெட்டை எடுக்கத் தோன்றும். தமிழுக்கும் ஒரு கிளை வருகிறது. டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவு சோகமானது. அச்சுக்கு முன் அதைப் படித்த நண்பர் எட்வர்ட் புல்வர் லிட்டன் மாற்றச் சொன்னார், டிக்கன்ஸ் மாற்றினார். அதே லிட்டன் எழுதிய 'இரகசிய வழி' என்ற கதையைத் தழுவித்தான் மனோன்மணீயம் எழுந்தது. அதன் பாயிரத்திலிருந்து எடுத்ததுதான் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து. டிக்கன்ஸின் பழைய முடிவும் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வெளிவந்தது, இன்றைய பல பதிப்புகள் அதைப் பின்னிணைப்பாகத் தருகின்றன. இரண்டையும் படியுங்கள். எனக்குப் பழைய முடிவே சரி.

ஜேன் ஆஸ்டனில் தொடங்கக் கூடாதா, 1847இல் வந்த ஜேன் அயரில் தொடங்கக் கூடாதா என்று கேட்பார்கள். ஜேன் அயரில் தாராளமாகத் தொடங்கலாம், சிலருக்கு அது டிக்கன்ஸைவிடவும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்டன் வேறு. வரன் பார்ப்பது, சீதனம், வருமானக் கணக்கு எல்லாம் நமக்கு அத்துப்படிதான். ஆனால் அவருடைய உயிர் வாக்கியத்தின் தொனியில் இருக்கிறது. சொல்வது ஒன்று, உணர்த்துவது இன்னொன்று. அந்தத் தொனி பிடிபட ஆங்கிலத்தில் கொஞ்சம் காலம் வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் எலியட்டின் மிடில்மார்ச் ஆங்கில நாவலின் உச்சி என்பது என் எண்ணம். அது 86 அத்தியாயம். முதல் ஆண்டில் வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். பெரும் எதிர்பார்ப்புகளை வாரத்துக்கு மூன்று தவணை என்று படித்தால் பன்னிரண்டு வாரத்தில் முடியும். தவணை எங்கே முடிந்தது என்று பல பதிப்புகள் குறித்திருக்கும், அங்கேயே நிறுத்துங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான இந்த நூல்களெல்லாம் காப்புரிமைக் காலம் கடந்தவை, குட்டன்பர்க் இணையத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டிக்கன்ஸுக்கு அது போதும். ஷேக்ஸ்பியருக்குப் போதாது. அடிக்குறிப்பு உள்ள பதிப்பைக் காசு கொடுத்தே வாங்குங்கள், பழைய புத்தகக் கடையில் வாங்கினாலும் சரி. நாவலுக்குப் பிறகு ஆஸ்டனில் ஒன்று. பிறகு ஒரு மாதம் கீட்ஸும் வேர்ட்ஸ்வொர்த்தும். ஆறாம் மாதத்தில் மெக்பெத், அடுத்து ஹாம்லெட். இரண்டையும் முதலில் ஒலிப்பதிவாகக் கேட்டுவிட்டுப் பிறகு படியுங்கள்.

ஹாம்லெட் முடிந்தவருக்கு சாசர் அவ்வளவு தொலைவில்லை. 1387 வாக்கில் தொடங்கி, 1400இல் இறக்கும்வரை அவர் எழுதிக்கொண்டிருந்த கான்டர்பரி கதைகள் லண்டன் துறைமுகத்தில் சுங்க அலுவல் பார்த்த மனிதரின் நூல். துறைமுகத்துக்கு வருகிற எல்லா வகை மனிதர்களும் அதில் இருக்கிறார்கள். யாத்திரை போகிறவர்கள் வழிநடைக்குக் கதை சொல்லிக்கொண்டு போகிறார்கள், ஐந்து கணவர்களைக் கண்ட பாத் நகரத்துப் பெண்மணி உட்பட. திட்டமிட்டது நூற்றுக்கு மேல், நமக்குக் கிடைத்தவை 24. பள்ளியில் நம்மை வாட்டிய ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கான விடையும் இங்கே கிடைக்கும். வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லில் இன்று ஊமையாக நிற்கும் எழுத்துகள் சாசர் காலத்தில் வாய்விட்டு ஒலித்தவை. 1476இல் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது, உச்சரிப்பு நடந்துகொண்டே போய்விட்டது. அதே கேக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில், முட்டை கேட்ட வடபுலத்து வணிகரிடம், எனக்கு பிரெஞ்சு தெரியாது என்று தென்புலத்துப் பெண் ஒருத்தி சொன்ன கதையைச் சொல்கிறார். இருவரும் பேசியது ஆங்கிலம். வட்டாரத்துக்கு வட்டாரம் முட்டைக்குப் பெயர் வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து பெயோவுல்ஃபுக்கு, ஷேமஸ் ஹீனியின் மொழிபெயர்ப்பில், மூலம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பதிப்பாகப் பார்த்துப் போகலாம். மூலத்தின் பத்து அடிகளையாவது யாரேனும் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்டு மோனையைக் காதில் பிடியுங்கள். அப்போதுதான் ஆறு ஊற்றுவரை ஏறி முடிந்தது. பிறகு திரும்பி, நீரோட்டத்தோடு இறங்கலாம். கால வரிசை அந்தப் பயணத்தில்தான் இனிக்கும், ஏனென்றால் ஊர்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஊர்கள்.

இறங்கும் வழியில், ஏறும்போது ஒதுக்கிவைத்த பாழ்நிலம் வரும். கான்டர்பரி கதைகளின் முதல் அடியிலேயே ஏப்ரல் மாதம் வருகிறது. இனிய மழை பொழிந்து, வறண்ட வேர்களை நனைத்து, மனிதர்களை யாத்திரைக்குக் கிளப்பும் ஏப்ரல். பாழ்நிலத்தின் முதல் அடியிலும் ஏப்ரல்தான். முதல் உலகப் போரில் ஒரு தலைமுறை இளைஞர்கள் மண்ணுக்குள் போன பிறகு, அதே மழை அதே வேர்களை எழுப்புவது கொடுமையாகத் தெரிகிற ஏப்ரல். முதல் வாரத்தில் பாழ்நிலத்தைத் திறந்திருந்தால் அந்த அடி வெறும் அடி. இப்போது இரண்டு நூல்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, முதலில் சாசரின் பதினெட்டு அடிகளையும் பிறகு எலியட்டின் ஏழு அடிகளையும் வாய்விட்டுப் படியுங்கள்.